லிமிற்றருக்கு ஒரு தமிழ்ச் சொல்: மட்டுப்படுத்தியா, வரம்பியா?

வெள்ளவத்தை, ஒலிப்பதிவு வகுப்பு நடத்துபவர். திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆறு பக்கக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வகுப்பில் 14 பிள்ளைகள். மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கமிருந்து வருகிறவர்கள். வீட்டிலேயே பாட்டுப் பதிந்து, மாஸ்டரிங்கும் (வெளியிட முன் செய்யும் கடைசி ஒலிச் சீராக்கல்) செய்து, தாங்களே இணையத்தில் ஏற்றுகிறவர்கள். பொத்தான்களின் ஆங்கிலப் பெயர் அவர்களுக்குத் தெரியும். ஏன் அதைத் திருப்புகிறோம் என்று விளக்கும்போதுதான் தமிழ் தேவைப்படுகிறது.

எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள்: லவுட்னெஸ் (பாட்டு காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது), லிமிற்றர்.

சொல் வேலையிலிருந்து வர வேண்டும், அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒலி நாம் வைத்த கூரையைத் தாண்டப் போகிறது என்றால், தாண்டுவதற்குச் சில மில்லிசெக்கன் முன்னரே லிமிற்றர் அளவைக் கீழே இறக்குகிறது. உச்சம் கடந்ததும் மெல்ல விடுகிறது. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் சாரதி, மஞ்சள் கடவையில் ஆள் இறங்குவதைக் கண்டதும் தூரத்திலேயே பிரேக்கில் கால் வைப்பாரே, அதே வேலைதான். பிள்ளைகள் இதை ‘வெட்டுறது’ என்கிறார்கள். வெட்டு என்று நினைப்பதால்தான் கண்டபடி அழுத்துகிறார்கள்.

போன வாரம் ஒரு மாணவர் பக்திப் பாடல் ஒன்றைக் கொண்டுவந்தார். முழுப் பாட்டின் அளவு −8 லஃப்ஸ் (லவுட்னெஸை அளக்கும் அலகு, 0க்குக் கிட்ட வர வரச் சத்தம் கூட). மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் லிமிற்றர் 9 டெசிபெல் வரை இறங்கி ஏறியது. வலந்தலையில் விழும் ‘தீம்’ என்ற அடி தலையணையில் தட்டிய மாதிரிக் கேட்டது. அதே பாட்டை 2 டெசிபெல் மட்டும் தொடும்படி செய்து −14இல் இன்னொரு பிரதி எடுத்தேன். ஸ்பொட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் −14 அளவுக்குக் கொண்டுவந்துதான் கேட்பிக்கும். அப்படியென்றால் அவருடைய பிரதியை அது 6 டெசிபெல் குறைத்துவிடும். இரண்டையும் சம அளவில் போட்டுக் காட்டியபோது அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதை மூன்று தடவை திருப்பிக் கேட்டார். இதை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

பம்பலப்பிட்டி, மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் காலை

தம்பி, முதலாவதற்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் ஒலியின் இயல்புகள் என்று நாமெல்லோரும் படித்தவை சுருதி, உரப்பு, பண்பு. லவுட்னெஸ் உரப்பு. அளக்கும் கருவி உரப்புமானி. அம்பியர்மானி, வோல்ற்றுமானி என்று படித்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இரண்டாவதற்கு மட்டுப்படுத்தி. ‘மட்டுப்படுத்தல்’ இங்கே சுற்றுநிருபங்களிலும் பத்திரிகைகளிலும் நாளாந்தம் புழங்கும் சொல். ‘கட்டுப்படுத்தி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வேறு கருவிகளுக்குப் போய்விட்டது.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செவ்வாய் மாலை

உரப்பு நல்ல சொல்தான். ஆனால் அதன் வேரையும் பார்க்க வேண்டும். உரம் என்றால் வலிமை. உரத்த குரல், உரக்கப் பேசு என்பவை அதில் பிறந்தவை. ஆனால் உரப்புதல் என்ற வினைக்கு அகராதிப் பொருள் அதட்டுதல். தாலாட்டுக்கும் உரப்பு உண்டு என்று சொன்னால், தாய் பிள்ளையை அதட்டுகிறாள் என்று ஆகிவிடாதா? எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிக்கும் முறைகளை நன்னூலார் வகுத்து வைத்திருக்கிறார். எடுப்பு என்று சொன்னால் என்ன? எடுப்பான குரல் என்று இன்றும் சொல்கிறோமே.

மானி பற்றியும் ஒரு வார்த்தை. அது வடமொழி மானத்திலிருந்து வந்தது என்பார்கள். நம்மிடம் மா என்ற அளவுப் பெயர் உண்டு, இருபதில் ஒரு பங்கு, நில அளவையும்கூட. அதிலிருந்தே மானம், மானி இரண்டும் கிளைத்தன என்பது என் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். அதுவரை ‘அளவி’ என்பதே தூய்மையானது.

தெஹிவளை, வானொலித் தொழில்நுட்பத்தில் இருந்தவர். செவ்வாய் இரவு

ஐயா, எடுப்பு வேண்டாம். பாட்டில் எடுப்பு என்றால் தொடங்கும் இடம். நாகஸ்வரக்காரர் ஒருவரிடம் ‘எடுப்பு கூடிப்போச்சு’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘வலிவு’ என்று வைத்தால் என்ன? உரம் என்றாலும் வலிமைதானே.

எங்கள் காலத்தில் ஒலி அளவைக் காட்ட வி.யூ. மீற்றர் ஒன்றுதான். அதன் முள்ளு 300 மில்லிசெக்கனில்தான் தன் இடத்துக்கு ஏறும். அதனால் மிருதங்க அடியின் உண்மையான உச்சி அதில் தெரியவே தெரியாது. ‘முள்ளு சிவப்புக்குப் போகுது’ என்போம், அதுவே எங்கள் கலைச்சொல். கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியபோது ஒலிபரப்பு என்ற சொல் யாருக்குப் பழக்கம்? காதில் விழுந்து விழுந்துதான் அது சொல்லானது.

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர். அதே இரவு

வலிவு கூடவே கூடாது. மெலிவு, சமன், வலிவு என்பவை தமிழிசையில் மூன்று தாயிகள் (ஸ்தாயிகள்). வலிவு என்பது மேல் தாயி. சுருதி உயர்வுக்கு உரிய பெயரை உரப்புக்குக் கொடுத்தால், இசை படித்த பிள்ளையும் ஒலிப்பதிவு படித்த பிள்ளையும் ஒரே அறையில் இருந்து வேறு வேறு மொழி பேசுவார்கள். யாழ் நூலை 1947இல் நமக்குத் தந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. இசைக்கணக்கு எழுதும்போது பழைய இசைச்சொல்லை அதன் இடத்திலேயே வைத்துத்தான் எழுதினார். அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

எடுப்பை விட்டுவிடுகிறேன், அண்ணை சொன்னது சரி. உரப்பு இருக்கட்டும்.

லிமிற்றருக்கு ‘வரைவி’ என்று சொல்லத் தோன்றுகிறது. வரை என்றால் எல்லை. வரையாது வழங்குபவன் வள்ளல்.

பம்பலப்பிட்டி, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வரைவு இன்று சட்டவரைவுக்குப் போய்விட்டது. அகத்திணையில் அது திருமணம். குறளில் ‘வரைவின் மகளிர்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்ல முடியாது.

வத்தளை, சொந்த ஊர் வவுனியா. புதன் அதிகாலை

இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, எனக்கு இந்த விஷயம் முழுவதும் தண்ணீராகவே தெரிகிறது.

வயலில் நீரை நிறுத்துவது வரம்பு. ‘வரப்புயர நீர் உயரும்’ என்றாள் ஔவை. நீங்கள் கூரை என்று சொல்வது அந்த வரம்புதான். எனவே வரம்பி. நான்கே எழுத்துச் சொல், வாய்க்கு இலகு.

இன்னொன்று. குளம் நிரம்பினால் வான் பாயும். மேலே வந்த தண்ணீர் அவ்வளவும் போய்விடும், குளத்தின் மட்டம் வான்கட்டின் உயரத்தில் தட்டையாக நிற்கும். தம்பி கணினியில் காட்டிய அலைவடிவில் தலை தட்டையாகிப் போன இடங்கள் அச்சு அசல் அப்படித்தான் இருந்தன. அப்படித் தலை தட்டையாகும் கிளிப்பிங்குக்கு ‘வான்பாய்ச்சல்’ என்று சொல்லுங்கள். வரம்பி காக்கிறது, வான்பாய்ச்சல் இழக்கிறது. வெட்டுக்கும் அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு சொல்லிலேயே வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர். புதன்

உவமை அழகு. ஆனால் இலக்கணம் இடறுகிறது. ஒலிபெருக்கி, ஒலிவாங்கி என்பவற்றில் இகரம் பெருக்கு, வாங்கு என்ற வினைகளின்மேல் ஏறி, செய்யும் கருவியைக் குறிக்கிறது. வரம்பு பெயர்ச்சொல். பெயரின்மேல் எப்படி ஏறும்?

வத்தளை

ஐயா, வில்லி என்று சொல்கிறோமே. வில் பெயர்ச்சொல், வில்லை உடையவன் வில்லி. வரம்பை உடையது வரம்பி. லிமிற்றரிடம் இருப்பது அதுதானே, தாண்ட விடாத ஒரு வரம்பு?

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

ஒத்துக்கொள்கிறேன். நல்ல மறுமொழி. இனி நானும் வரம்பியின் பக்கம்.

மட்டு என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். சங்கப் பாட்டில் மட்டு கள்ளும் தேனும். மட்டக்களப்பை மட்டுநகர் என்றே சுருக்கிச் சொல்கிறோம். அந்தப் பெயரின் மட்டு எது என்று...

(இந்த இடத்தில் ஐயா எழுதிய நீண்ட பகுதியைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பயனுள்ள பகுதி, ஆறுதலாகப் படியுங்கள். — வெள்ளவத்தை)

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர். புதன் மாலை

அனைவருக்கும் வணக்கம். ‘லிமிட்டர்’ என்றே வைத்துவிடலாமே? கடன் சொல்லால் தமிழ் கெட்டதில்லை.

வெள்ளவத்தை, வகுப்பு நடத்துபவர்

கடன் சொல்லுக்கு நான் பகைவன் இல்லை. டெசிபெல்லை அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் லிமிற்றர் என்று எழுதுவதா, லிமிட்டர் என்று எழுதுவதா, சொல் முதலில் லகரம் வராது என்று இலிமிற்றர் என்பதா என்று இன்னொரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்கிறோம், நீங்கள் பெருக்கி என்பதை விரியலாக்கி என்கிறோம். கடன் சொல்லின் எழுத்துக்கூட்டலிலும் நாம் இரண்டு கரைதான்.

இதற்கிடையில் ஐயாவிடம் ஓர் உதவி. உரப்புமானியில் மூன்று வாசிப்புகள் உண்டு. 400 மில்லிசெக்கனுக்கு ஒன்று, 3 செக்கனுக்கு ஒன்று, முழுப் பாட்டுக்கும் ஒன்று. மூன்றாவதைக் கணக்கிடும்போது −70க்குக் கீழே இருக்கும் அமைதி சேராது. மிச்சத்தின் சராசரியிலிருந்து 10க்கு மேல் தாழ்ந்த பகுதிகளும் சேராது. பாட்டு நடுவே நீண்ட நிசப்தம் இருந்தாலும் அளவு ஏமாறக்கூடாது என்பதற்காக. 2006இல் வந்த பி.எஸ். 1770 என்ற சர்வதேசப் பரிந்துரைதான் இவற்றுக்கு அடிப்படை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் −23 என்று இலக்கு வைத்ததும் அதன்மேல்தான். முழுப் பாட்டுக்குரியது தொகை உரப்பு, 3 செக்கன் குறுங்கால உரப்பு. முதலாவதற்கு என்ன?

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர்

400 மில்லிசெக்கன் என்றால் ஏறக்குறைய ஒரு கண்ணிமைப்பு. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று தொல்காப்பியர் அளந்து வைத்த அலகு அது. மாத்திரை உரப்பு என்று எழுதுங்கள். இதற்கு மேல் பொருத்தமான சொல் கிடைக்காது.

சென்னை

மாத்திரை என்றால் இங்கே எல்லோரும் மருந்துக்கடையை நினைப்பார்கள்.

பம்பலப்பிட்டி, மொழிபெயர்ப்பாளர்

இங்கே அது குளிசை. மாத்திரை எங்களுக்கு இன்னும் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஐயாவின் சொல் நிற்கட்டும்.

வெள்ளவத்தை, வகுப்பு நடத்துபவர். வியாழன் இரவு

இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். பின்பக்கம் கடற்கரை ரயில் போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு, மூன்று சொற்களைப் பலகையில் எழுதினேன்: மட்டுப்படுத்தி, வரம்பி, இங்கே யாரும் சொல்லாத உச்சமடக்கி. விளக்கம் சொல்லவில்லை. இது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

மட்டுப்படுத்திக்கு உடனே கை உயர்ந்தது. ‘ஓர் அளவுக்கு மேல விடாது, சேர்.’ உச்சமடக்கியில் சிலர் மறுபடி வெட்டுக்கே போனார்கள். வரம்பிக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து வந்து பலகையில் வயலும் வரம்பும் வரைந்தார், மடையைக்கூட விடவில்லை. மட்டக்குளிப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடித்தார்கள். படம் வரைய ஆளில்லாத இடத்தில் அந்தச் சொல் தனியாக நிற்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு மாணவியின் கொப்பியில் ‘உறைப்புமானி’ என்று இருந்தது. காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. உரப்பை இனி இடையின ரகரத்தை அழுத்திச் சொல்லிப் பலகையிலும் எழுதுவேன்.

கையேட்டில் போகிறவை: உரப்பு, உரப்புமானி, மாத்திரை உரப்பு, மட்டுப்படுத்தி. கிளிப்பிங்குக்கு வான்பாய்ச்சல். அதைக் கேட்டதும் வகுப்பே ஏற்றுக்கொண்டது. மாதிரிகளுக்கு (கணினி ஒலியை அளந்து வைக்கும் புள்ளிகள்) நடுவே ஒளிந்திருந்து, எம்.பி.3 ஆக்கிய பிறகு 0க்கு மேலே தலைகாட்டும் உச்சத்தை மெய்யுச்சம் என்று எழுதியிருக்கிறேன். கூரையை −1இல் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

தெஹிவளை

மட்டுப்படுத்திக்கே என் வாக்கு. நித்திரை வருகிறது, மானியா அளவியா என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பம்பலப்பிட்டி

நானும்.

கொட்டாஞ்சேனை, தமிழாசிரியர். வெள்ளி, விடிகாலை

‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்பது விதி. காலம் ஏற்ற சொல்லைத் தள்ள எனக்கு உரிமை இல்லை, அச்சிடுங்கள். ஆனால் காலம் இன்னும் முடிவு சொல்லவில்லை. வரம்பி என்ன செய்கிறது என்பதை ஒரு பிள்ளை படமாகவே வரைந்து காட்டியிருக்கிறது. மட்டுப்படுத்திக்கு யாராவது படம் வரைந்தார்களா?

வத்தளை

ஐயா, என் பிரதியில் மூன்றாம் பக்கத்தில் வரம்பி என்று பேனாவால் எழுதிக்கொள்வேன். தம்பி, அந்தப் பிள்ளை வரைந்த படத்தை அழிக்கு முன் போனில் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அனுப்புங்கள்.