மேய்ச்சல் நிலத்தில் மூன்று வகைக் காளான், எதைச் சாப்பிடலாம்?

மண்வாசனை:
விடாமல் மழை பெய்ததில் மாடு மேயும் புல்வெளி முழுக்கக் காளான். பார்த்தவரையில் மூன்று வகை. முதலாவது நல்ல பெரியது, குடை 20 செ.மீ. அகலம் வரும், வெள்ளை மேல் பழுப்புச் செதில், காம்பில் வளையம். இரண்டாவது நடுத்தரம், மேலே பளிச்சென்ற வெள்ளை, குடைக்கு அடியில் இளஞ்சிவப்பு. மூன்றாவது பொடிசு, மங்கிய நிறம், புல்லில் வட்டம் கட்டி நிற்கிறது. காம்பைக் கத்தியால் அறுத்துக் கொஞ்சம் எடுத்து வந்திருக்கிறேன். பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான், குடையின் தோல் உரிந்து வந்தால் நல்ல காளான் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போன் ஆப்பில் படம் போட்டால் ஒரே காளானுக்கு மூன்று பெயர் காட்டுகிறது. எதை நம்புவது?

செவுள்தேடி:
முதலில், எதையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். வீட்டில் சொன்ன மூன்றுமே வேலைக்காகாது. ஆளைக் கொல்லும் அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் காளானை நத்தைகள் தாராளமாகத் தின்னும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதன் தோலும் அழகாக உரியும். அதிலுள்ள அமாடாக்சினுக்கும் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கரண்டி கறுக்கவே கறுக்காது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு போகாது.

அந்தக் காளானில் மோசமான விஷயம் நேரக்கணக்குதான். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குமேல், பல சமயம் பன்னிரண்டு மணி நேரம்கூட ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. அதுவும் ஒரு நாளில் அடங்கி ஆள் தேறிவிட்டது போலத் தெரியும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே "நேற்று ராத்திரி சாப்பிட்டோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பது எந்த நிரூபணமும் இல்லை.

அது மரவேரோடு சேர்ந்து வாழும் இனம் என்பதால் மரமே இல்லாத வெட்டவெளியில் வருவதில்லை. ஆனால் வயல் ஓரத்து மரத்தின் வேர் புல்லுக்குள் எவ்வளவு தூரம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கத்தியால் அறுக்கக் கூடாது. காம்பின் அடியில் ஒரு பை இருக்கிறதா என்பதுதான் அமானிட்டாவைக் கண்டுபிடிக்க முக்கிய அடையாளம், அதை நீங்கள் மண்ணிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மறுபடி போய் ஒவ்வொன்றிலும் ஒரு காளானை மண்ணோடு தோண்டி எடுங்கள், பக்கத்தில் என்ன மரம் என்றும் பாருங்கள்.

அப்புறம் வித்துத்தூள், அதாவது காளான் விதைபோல உதிர்க்கும் தூள், எடுங்கள். காம்பை நீக்கிவிட்டு, குடையைச் செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்) கீழே இருக்கும்படி காகிதத்தில் வையுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருந்தால் நல்லது, வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டால் காலையில் தூளின் நிறம் தெரியும். ஆப் சொல்வதைவிட இதை நான் நம்புவேன்.

பச்சைப்புல்:
ஏன் ஆளைப் பயமுறுத்துகிறீர்கள்? புல்வெளிக் காளான்களில் சுலபமானதும் இருக்கிறது. பெரிய பந்துக் காளான், கல்வாட்டியா ஜைஜான்டியா, தலையளவு வளரும், காம்பு கிடையாது, செவுள் கிடையாது. நடுவில் பிளந்தால் உள்ளே முழுக்க ஒரே வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும், மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் வேண்டாம்.

செவுள்தேடி:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தலையளவு இருக்கும்போதுதான் அது சுலபம். கோலிக்குண்டு அளவில் உருண்டையாக இருப்பதெல்லாம் பந்துக் காளான் ஆகிவிடாது. குடை விரியாத அமானிட்டாவும் உருண்டையாகத்தான் இருக்கும், மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே குடையும் செவுளும் காம்பும் நிழல்போலத் தெரியும். உள்ளே கருநீலமாக, தோல் தடிப்பாக இருந்தால் அது ஸ்க்லெரோடெர்மா, அதுவும் வயிற்றைக் கெடுக்கும். வெட்டாமல் எந்த உருண்டையையும் சட்டியில் போடாதீர்கள்.

மண்வாசனை:
தோண்டி எடுத்தேன், தூளும் எடுத்துவிட்டேன். பெரிய காளானில் அடியில் பை இல்லை, காம்பு மழமழவென்று இருக்கிறது, செவுள் வெள்ளை. பை இல்லாததால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் காகிதத்தில் தூள் மங்கிய பச்சையாக விழுந்திருக்கிறது! காளானில் பச்சையா?

கறுப்புமை:
பச்சை என்றால் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்பமான பகுதிகளின் புல்தரையில் மழைக்குப் பிறகு கூட்டமாக வரும். பார்க்கப் பெரிதாக, சதைப்பற்றாக இருப்பதால் நிறைய பேர் ஏமாந்து சாப்பிடும் காளான் இதுதான். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளை, முற்றிய பிறகுதான் பச்சை கலந்த சாம்பலாகும், அதனால் இளங்காளானைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், குழந்தைகளுக்கு நீரிழப்பு பெரிய ஆபத்து.

இதைப் போலவே இருக்கும் மேக்ரோலெபியோட்டா ப்ரொசெராவை ஆட்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள். அதற்குக் காம்பில் பாம்புத்தோல் மாதிரி பட்டைபட்டையாக இருக்கும், வளையத்தை மேலும் கீழும் நகர்த்தலாம், தூள் வெள்ளை. உங்களுடையதில் காம்பு மழமழப்பு, தூள் பச்சை. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். சரி, இரண்டாவது வகை என்ன ஆயிற்று?

மண்வாசனை:
கொட்டிவிட்டேன். இரண்டாவதில் தூள் சாக்லெட் பழுப்பு. பெரிய காளான்களில் செவுளும் அதே நிறத்துக்குப் போய்விட்டது, மெல்லிய வளையம், பை இல்லை. கடையில் வாங்கும் பட்டன் காளான் மாதிரியே இருக்கிறது.

கறுப்புமை:
மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை, பட்டன் காளான் அகாரிகஸ் பைஸ்போரஸ், உங்களுடையதும் அகாரிகஸ் குடும்பம்தான். மேய்ச்சல் நிலத்தில் இதில் நல்லது அகாரிகஸ் காம்பெஸ்ட்ரிஸ். இளசில் செவுள் இளஞ்சிவப்பு, அப்புறம் சாக்லெட், காம்பு அடியில் குறுகும். ஆனால் அதே புல்லில் அகாரிகஸ் சாந்தோடெர்மஸும் வரும், அது வயிற்றைக் கலக்கிவிடும்.

காம்பின் அடிநுனியைப் பிளந்து நகத்தால் கீறுங்கள். உடனே பளீரென்ற மஞ்சள் வந்தால் அது கெட்டது. குடை ஓரத்தையும் தேய்த்துப் பாருங்கள். மோந்தால் பினாயில் அல்லது மை வாடை அடிக்கும், சூடான சட்டியில் போட்டால் இன்னும் தூக்கலாகத் தெரியும். லேசாக, மெதுவாக மஞ்சளாகி சோம்பு வாசனை வந்தால் அது அகாரிகஸ் ஆர்வென்சிஸ், சாப்பிடக்கூடியது. வாசனை விஷயத்தில் மட்டும் இன்னொருவரையும் மோந்து பார்க்கச் சொல்லுங்கள், எல்லா மூக்கும் ஒன்றல்ல.

ஒன்றிரண்டைச் சோதித்துவிட்டு முழுக் கூடையையும் பாஸ் பண்ணாதீர்கள். இரண்டும் கலந்து வளரும், ஒவ்வொரு காம்பையும் கீற வேண்டும். சாலையோரத்தில் பறித்திருந்தாலும் வேண்டாம், இந்த இனங்கள் மண்ணிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

மண்வாசனை:
ஒவ்வொன்றாகக் கீறினேன். சிலவற்றில் அடி பளீர் மஞ்சள், மை வாடை. மற்றவற்றில் நிறம் மாறவே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை!

செவுள்தேடி:
மஞ்சளானதோடு ஒரே கூடையில் கலந்து நொறுங்கிப் போயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் என் கட்சி. தனித்தனியாக, முழுசாக இருந்தால் நிறம் மாறாதவற்றை, காளான் தெரிந்த ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கொஞ்சமாக, நன்றாக வேகவைத்து உண்ணுங்கள். ஒரு காளானைச் சமைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஏதாவது ஆனால் மருத்துவமனையில் அதுதான் உதவும்.

மூன்றாவது வகையை நான் என்றால் தொடமாட்டேன். வட்டம் கட்டுவது ஒரு இனத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மராஸ்மியஸ் ஓரியேட்ஸ் வட்டமாக வரும், சாப்பிடலாம்: குடை நடுவில் ஒரு மேடு, செவுள்களுக்கிடையே நல்ல இடைவெளி, காம்பை முறுக்கினாலும் ஒடியாது. கிளைட்டோசைபி ரிவுலோசாவும் அதே புல்லில் வட்டமாக வரும், செவுள் நெருக்கமாகக் காம்பின்மேல் இறங்கியிருக்கும். அதில் மஸ்கரின் நஞ்சு, கொஞ்ச நேரத்திலேயே வியர்வை, எச்சில், கண்ணீர் என்று கொட்டத் தொடங்கும், நாடித்துடிப்பு குறையும். அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு, ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் இருக்கலாம். படம் போடுவதென்றால் செவுள் தெரியும்படி ஒன்று, நீளவாக்கில் பிளந்து ஒன்று போடுங்கள். பெயர் சொல்ல முயற்சி செய்கிறேன், சாப்பிடலாம் என்று மட்டும் படத்தைப் பார்த்துச் சொல்லமாட்டேன்.