மறு: ‘ரிவியூ’வும் ‘டெஸ்ட்’டும் ஒரே ‘சரிபார்ப்பு’தானா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் மென்பொருளின் போன வெளியீட்டில் ‘கொடி’ எல்லாம் ‘கோடி’ ஆன கதை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் குற்றத்தில் பாதி நம்முடையது, அதாவது மொழிபெயர்ப்பாளர்களுடையது, என்று சொல்லத்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காக: ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் தெரியும். ஒரு வகையில் தட்டியதைத் தேடினால் மற்ற வகையில் தட்டியது அகப்படாது. இதைத் தீர்க்க வந்த பேட்ச் (நிரலில் செய்யச் சொல்லி ஒருவர் அனுப்பும் மாற்றம்), தேடுவதற்கு முன் எல்லா உரையையும் இரண்டு குறிகளாக உடைத்துக்கொண்டது. நல்ல யோசனைதான். ஆனால் உடைத்த பிறகு ‘கொ’வின் வயிற்றுக்குள் ஒரு ‘கெ’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒருவர் ஆவணம் முழுவதும் ‘கெ’யைக் ‘கே’யாக மாற்றச் சொல்லியிருக்கிறார். ‘கொடி’க்குள் இருந்த ‘கெ’ ‘கே’ ஆகி, மிச்சமிருந்த துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு, ‘கோடி’ ஆகிவிட்டது.

அந்த பேட்ச் பதினொரு மாதம் வரிசையில் கிடந்தது. இரண்டு பேர் அதை வரிவரியாகப் படித்தார்கள். நிரல் எழுதப்பட்ட விதத்தில் குறை எதுவும் இல்லை. இருவருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழ் உரையை வைத்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம். நம்மில் மூன்று பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறோம், நானும் ஒருவன். காரணம், தமிழ் இடைமுகத்தில் மேலே பச்சை நிறத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று இருந்தது. நான்கு வரி கீழே, சாம்பல் நிறத்தில், ‘சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது’ என்று இருந்தது. மேலே இருந்தது ரிவியூ, அதாவது நிரலைப் படித்துப் பார்ப்பது. கீழே இருந்தது டெஸ்ட், அதாவது ஓட்டிப் பார்ப்பது. பச்சையைப் பார்த்தவன் சாம்பலை எதற்குப் படிக்கப் போகிறான்? இரண்டையும் ‘சரிபார்ப்பு’ என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யார் என்று களஞ்சியத்தின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தேன். நான்தான்.

ஆகவே பரிகாரமும் நானே தேட வேண்டியிருக்கிறது. படிப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் வேறு வேலைகள். பெரும்பாலும் வேறு ஆட்கள் செய்யும் வேலைகள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் (கெர்னல்) ஒரு பேட்ச்சின் அடியில், படித்தவர் பெயருக்கு ஒரு வரி, ஓட்டிப் பார்த்தவர் பெயருக்கு ஒரு வரி, விரிவாகப் படிக்காவிட்டாலும் உடன்படுகிறேன் என்பவர் பெயருக்கு இன்னொரு வரி என்று பிரித்தே எழுதுகிறார்கள். அங்கே மூன்றாக இருப்பதை நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

ரிவியூவுக்கு ‘மீளாய்வு’ பரவலாக இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. ‘மீள்’ என்றால் முன்பே ஒருமுறை ஆய்ந்திருக்க வேண்டும்; இங்கே முதல் ஆய்வுக்கே ஆள் கிடைக்காமல்தான் பதினொரு மாதம் ஓடியது. ‘சீராய்வு’ என்றதும் நீதிமன்றத்தில் போடும் மனு நினைவுக்கு வருகிறது. ‘மதிப்புரை’ வெளிவந்துவிட்ட நூலுக்கு எழுதுவது.

என் பரிந்துரை ‘மெய்ப்பு’. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் அச்சுக்குப் போகாத தாளைப் படித்து, ஓரத்தில் குறித்து, திருப்பி அனுப்புவார். திருத்தியதும் இரண்டாம் மெய்ப்பு வரும், வேண்டுமானால் மூன்றாவதும் வரும். பேட்ச்சின் முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று நாம் அனுப்புவது அப்படியே இதுதான். ‘முதல் மெய்ப்பு முடிந்தது, இரண்டாம் மெய்ப்புக்குக் காத்திருக்கிறது’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

டெஸ்ட்டுக்கு: இயந்திரம் தானாக ஓட்டுவது ‘சோதனை’யாகவே இருக்கட்டும். மனிதர்கள் நிறுவி, புழங்கிப் பார்த்து, முடிவைச் சொல்வதற்கு ‘வெள்ளோட்டம்’. புதுத் தேரையோ படகையோ முதன்முதலாக இழுத்தும் செலுத்தியும் பார்ப்பதற்கு நம்மிடம் எப்போதோ இருக்கும் சொல்.

கருத்துகள் வரட்டும். திட்டும் வரலாம், தாங்கிக்கொள்வேன்.

-----

மறு: மறு: ‘ரிவியூ’வும் ‘டெஸ்ட்’டும் ஒரே ‘சரிபார்ப்பு’தானா?

நண்பருக்கு,

> டெஸ்ட்டுக்கு ... ‘வெள்ளோட்டம்’

இதற்கு என் இரண்டு கையும் தூக்கிய ஆதரவு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்தில் ஒளித்து வைத்திருந்த கள்ளக்கதவு (பேக்டோர்) எப்படிப் பிடிபட்டது? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் ஒருவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று துருவினார். வெறுமனே படித்தவர்களுக்கு அது தெரிய வழியே குறைவு. கதவைத் திறந்துவிடும் வரிகள் வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தன, எல்லாரும் நிரலைப் படிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. சரக்கை ஒளித்து வைத்த இடம் எது தெரியுமா? சோதனைக் கோப்புகள். ‘சோதனை’ என்று பெயர் வைத்தால் அது சோதித்ததாக ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

> என் பரிந்துரை ‘மெய்ப்பு’

இங்கேதான் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்று மிகுந்ததா, காற்புள்ளி விழுந்ததா என்றுதான் பார்ப்பார். கதை தேறுமா என்று கேட்கமாட்டார். நம் திட்டத்தில் பலர் பேட்ச்சுக்குச் சொல்லும் கருத்தும் இடைவெளி, அடைப்புக்குறி என்ற அளவில் நின்றுவிடுவது உண்மைதான். அந்தக் கெட்ட பழக்கத்துக்குக் கலைச்சொல் சூட்டிக் கௌரவிக்க வேண்டுமா? மேலும் ‘மெய்ப்பித்தல்’ கணிதத்தில் நிறுவுவதற்கு வழங்குகிறது. நாளை ஒரு நிரல் சரியானது என்று கணித முறையில் மெய்ப்பிக்கும் கருவி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வெகு தூரம் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்கு, ‘அரில் தபத் தெரிந்து’ உரைத்ததாக வருகிறது. அரில் என்றால் பிணக்கு, குற்றம். நூலை எழுதியவர் ஒருவர், குற்றமறக் கேட்டு ஏற்றவர் வேறொருவர், அவர் பெயரும் நூலின் முகப்பிலேயே. நீங்கள் சொன்ன கருநிரல் வரிகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் ‘கேட்போர்’ ஒன்று என்று இலக்கணக்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

‘அரில்’ வேண்டாம், யாருக்கும் புரியாது. ஆனால் பெயர்ச்சொல்லைப் பிடித்துத் தொங்காமல் வினையிலிருந்து தொடங்கலாமே. ‘ஆய்ந்தவர்’, ‘ஓட்டிப் பார்த்தவர்’, ‘உடன்பட்டவர்’. பேட்ச்சின் அடியில் போட இவை போதும். பொத்தானில் ‘ஆய்ந்துவிட்டேன்’, ‘ஓட்டிப் பார்த்தேன்’ என்று தன்மையில் வைத்தால், தொடுகிறவன் ஒரு நொடியாவது யோசிப்பான். செய்யாததைச் செய்தேன் என்று தொட விரல் கூசும். ‘சரிபார்க்கப்பட்டது’ என்பதில் யார் பார்த்தார் என்றே இல்லை. செயப்பாட்டு வினையின் வேலையே ஆளை மறைப்பதுதான்.

(‘கண்ணோட்டம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வெள்ளோட்டத்தோடு இயைபு அழகாக விழுகிறது. ஆனால் குறளில் அது இரக்கம். இன்று அது பார்வைக் கோணம். நம் பராமரிப்பாளர்களுக்கு முதல் பொருளில் கொஞ்சம் தேவைப்படுகிறது என்பது வேறு செய்தி.)

-----

மறு: மறு: மறு: ‘ரிவியூ’வும் ‘டெஸ்ட்’டும் ஒரே ‘சரிபார்ப்பு’தானா?

ஐயா,

> செயப்பாட்டு வினையின் வேலையே ஆளை மறைப்பதுதான்

தோற்றேன். மெய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரிவியூவுக்கு ‘ஆய்வு’, செய்பவர் ‘ஆய்நர்’ என்று வைக்கலாமா என்று பார்த்தேன். ‘ஆய்வு’ தனியாக நின்றால் முனைவர் பட்டத்துக்குப் போய்விடுகிறது. ‘நிரலாய்வு’ என்றால் நிற்கிறது. ‘வரியாய்வு’ என்று ஒரு கணம் மகிழ்ந்தேன், பிறகு வருமான வரிக்காரர்கள் கண்முன் வந்தார்கள்.

ஆனால் உங்கள் மடலைப் படித்த பிறகு, உண்மையான சிக்கல் இன்னொரு சொல்லில் இருக்கிறது என்று தோன்றுகிறது: ‘நிலுவை’. இது கணக்குப் பேரேட்டுச் சொல். நிலுவை என்றால் யாரோ யாருக்கோ தர வேண்டியது பாக்கி. நாமோ ‘நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் எழுதிவிட்டு, கடன்காரர் யார் என்பதை விட்டுவிட்டோம். வரிசையில் கிடப்பவற்றைத் திறந்து பார்த்தால், சில ஆய்ந்து சொல்ல ஆளில்லாமல் கிடக்கின்றன. சிலவற்றுக்குக் கருத்துச் சொல்லியாகிவிட்டது, எழுதியவர் திருத்தி அனுப்பவில்லை. சில எல்லாம் முடிந்து, களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை உள்ளவரின் கைக்குக் காத்திருக்கின்றன. திரையில் மூன்றும் ஒரே நிலுவை. எழுதியவர் ஆய்நரை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆய்நர் எழுதியவரை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் 2008 முதல் நடத்திவரும் முறையில் இதைத்தான் தீர்த்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மாதங்களில் புதிய வேலையைக் குறைத்துக்கொண்டு, தேங்கிய பேட்ச்சுகளை எடுத்துத் தீர்க்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும், ஆய்வு தேவை, எழுதியவருக்காகக் காத்திருக்கிறது, சேர்ப்பவருக்குத் தயார் என்று பந்து யார் பக்கம் என்பது நிலையிலேயே எழுதப்பட்டிருக்கும். பேட்ச் கொடுப்பவர் பிறருடைய பேட்ச் ஒன்றையாவது ஆய்ந்து தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. மொய் எழுதியவருக்குத்தான் மொய் திரும்பும் என்ற கணக்கு.

ஆகவே நிலுவையைத் தூக்கி எறிய வேண்டாம், கடன்காரரை முன்னால் ஒட்டிவிடுவோம். ‘ஆய்வு நிலுவை’, ‘திருத்த நிலுவை’, ‘வெள்ளோட்ட நிலுவை’, ‘சேர்ப்பு நிலுவை’. கடைசியில் ‘இணைப்பு’ என்று போடாததற்குக் காரணம் உண்டு: மடலோடு வரும் கோப்பும் இணைப்பு, சொடுக்கும் சுட்டியும் இணைப்பு, இணையத் தொடர்பும் இணைப்பு. இன்னொரு சுமையை அந்தச் சொல் தாங்காது.

-----

மறு: மறு: மறு: மறு: ‘ரிவியூ’வும் ‘டெஸ்ட்’டும் ஒரே ‘சரிபார்ப்பு’தானா?

கடன்காரரை ஒட்டியது அருமை. ‘சேர்ப்பு’ எனக்கும் சம்மதம். ‘ஆய்நர்’ மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, புழங்கினால் நெகிழும்.

ஒரு நடைமுறைச் சிக்கல். ‘வெள்ளோட்ட நிலுவை’யைக் கைபேசித் திரையில் போட்டுப் பார்த்தேன். பெட்டி போதாமல் ‘வெள்ளோட்ட நி’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் என் வயதுக்காரர்கள் படிக்க முடியாது. அந்தப் பெட்டியை இரண்டு வரியாக மடிக்க நிரலில் இடமிருக்கிறதா என்று யாராவது பாருங்கள். இல்லையென்றால் நிலைப் பெட்டியில் ‘ஓட்டிப் பார்க்க’ என்று சுருக்கிவிட்டு, முழுச்சொல்லை உதவிக் குறிப்பில் வைக்கலாம்.

‘கொடி’, ‘கோடு’ இரண்டையும் இரண்டு வகைக் குறிகளிலும், ‘கெடு’வை அதற்குள்ள ஒரே வகையிலும் தட்டிய ஒரு சிறு கோப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை யார் தேடலைத் தொட்டாலும், இதில் ‘கெ’யைக் ‘கே’யாக மாற்றிப் பார்த்துவிட்டு அதன் பிறகு ‘ஓட்டிப் பார்த்தேன்’ பொத்தானைத் தொடட்டும்.