கரண்டு (ரேடியேஷன்) வெச்சப்புறம் அம்மா கண்ணு வறண்டு போச்சு, யாருக்காச்சும் அனுபவம் இருக்கா?

குடியாத்தம்_பையன்:
அம்மாவுக்கு சைனஸ்ல கட்டி, ஆபரேஷன் பண்ணி 30 தடவ கரண்டு வெச்சாங்க, முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. கட்டி இல்லன்னு ஸ்கேன்ல வந்துடுச்சு, ஆனா அந்தப் பக்கத்து வலது கண்ணு மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது, காலைல இமை ஒட்டிக்குது, வெந்நீர் துணி வெச்சாத்தான் பிரியுது, இமை முடியும் கொட்டிடுச்சு. போன வாரம் சின்ன வெங்காயம் உரிச்சாங்க, இடது கண்ணுல மட்டும்தான் தண்ணி. மெடிக்கல்ல சிவப்பு போறதுக்குன்னு ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, போட்டா எரியுது. ரெண்டு நாளா உறுத்தல் கொறஞ்சிடுச்சுங்கறாங்க, சிவப்பு மட்டும் அப்படியே கீது. தானா சரியாயிடுமா?

ஆரணி_அக்கா:
தம்பி, மொதல்ல அந்த மெடிக்கல் மருந்த நிறுத்து. கரண்டு படுறப்ப கண்ணீர் சுரப்பி, இமை ஓரத்துல எண்ணெய் விடுற சுரப்பி ரெண்டும் காஞ்சிடும், அதான் வெங்காயத்துக்குக்கூட தண்ணி வரல. கெட்டுப்போகாம இருக்க மருந்துல கலக்குற பென்சல்கோனியம் குளோரைடு வறண்ட கண்ண இன்னும் புண்ணாக்கும். என் வீட்டுக்காரருக்கு ப்ரிசர்வேடிவ் இல்லாத சிஎம்சி சொட்டு, (ஆஸ்பத்திரி பேரு இல்ல, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்ங்கற கண்ண ஈரமா வெக்கற மருந்தோட சுருக்கம்), ஒரு நாளைக்கு ஒண்ணு ஒண்ணா பிச்சுப் போடுற சின்ன ட்யூப், ராத்திரிக்கு ஜெல். ஃபேனுக்கு நேரா படுக்க விடாத.

வாலாஜா_மச்சான்:
அக்கா சொன்னது சரி, ஆனா எனக்கு பயமே அந்த "உறுத்தல் கொறஞ்சிடுச்சு"லதான் ப்ரோ. எங்க பெரிய மாமாவும் இப்படித்தான் சொன்னாரு, நாங்களும் நல்லாயிடுச்சுன்னு விட்டுட்டோம், பாத்தா கருவிழில உணர்ச்சியே போயிருக்கு, புண்ணு ஆழமா போறது அவருக்கே தெரியல. ஆரஞ்சு கலர் பேப்பர் பட்டைய கண்ணுல தொட்டு நீல லைட் அடிச்சாங்க, புண்ணு இருக்கற எடம் பச்சையா மின்னுச்சு. அப்புறம் அவரு ரத்தத்துலேர்ந்தே சீரம் பிரிச்சு சொட்டு மருந்து, ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்ல பஸ்ல எடுத்துட்டு வருவோம், அதுவும் பத்தாம இமைய பாதி தைச்சாங்க. சிலருக்கு உள்ள சலைன் நிக்கற பெரிய ஸ்க்லீரல் லென்ஸ் போடுவாங்க. ஸ்டீராய்டு சொட்டு மட்டும் நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க. கரண்டு வெச்ச ஃபைல், எத்தன 'கிரே' (அதான் கரண்டோட அளவு) வெச்சாங்கன்னு எழுதியிருக்கும், அதையும் எடுத்துட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போங்க.

குடியாத்தம்_பையன்:
இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன் மச்சான், கருவிழி ஓரத்துல வெள்ளையா அரிசி நுனி அளவுக்கு என்னமோ கீது, வலிக்குதான்னு கேட்டா "ஒண்ணும் இல்லடா, நல்லாதான் கீது"ங்கறாங்க. ஃபைல எடுத்து வெச்சுட்டேன், காலைல மொத பஸ்ஸுக்கு வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண்ணாஸ்பத்திரிக்கு கெளம்புறோம்.