உவர்நீர் ஊரில் மூலிகைக் குளியல் நீர் தயாரிப்பது எப்படி?

பாம்பன்காரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவும் சித்தியும் கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள். மாதத்தில் 12 நாள்தான் போகிறார்கள் என்றாலும், அந்த நாட்களில் மணிக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றும் மூழ்கியும் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பதால், வீடு திரும்பும்போது கால்விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். விரல்களில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைப்பார்கள். அப்படியிருந்தும் துணிக்கு மேலே தெரியும் கணுக்களில் தோல் மரப்பட்டைபோல் தடித்துவிட்டது. வந்து உட்கார்ந்தவுடன் அம்மா முதலில் செய்வது, நனைந்து இறுகிய அந்தத் துணிச்சுற்றுகளைப் பல்லால் கடித்து அவிழ்ப்பதுதான்.

அவர்களுக்கு உடம்பு அசதி தீரவும் தோல் மென்மையாகவும் மூலிகைக் குளியல் நீர் தயாரித்துக் கொடுக்க விரும்புகிறேன். இணையத்தில் தேடினால், ஆள் நீட்டிப் படுக்கும் தொட்டியில் இரண்டு கோப்பை எப்சம் உப்பு, லாவெண்டர் எண்ணெய், ரோஜா இதழ், ஓட்ஸ் ஆகியவற்றைப் போட்டு இருபது நிமிடம் ஊறச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பவை துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றும் ஒரு பித்தளை அண்டாவும்தான். குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர்; அதில் சோப்பு நுரைப்பதில்லை. காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குடக்கணக்கில் பிடித்து வைக்கிறோம்.

இந்த நிலையில் என்னென்ன இலைகளை, எந்த அளவில், எப்படிச் சேர்க்கலாம்? உலர்த்திப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? கையில் கிடைக்கும் பாசியையே குளியலுக்குப் பயன்படுத்த முடியுமா? வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரை லாத்தா:

அன்புத் தங்கைக்கு. தொட்டி இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு வலிப்பது முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டுக்கு முன்னேயும்தான். அதற்கு அந்த பிளாஸ்டிக் டப்பே தாராளம். உடம்புக்கு வேண்டுமானால், வழக்கம்போல் குளித்து முடித்தபின் கடைசி இரண்டு செம்பு மட்டும் மூலிகை நீராக ஊற்றிக்கொண்டு, அதன் மேல் வேறு தண்ணீர் ஊற்றாமல் துடைத்துவிடலாம். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளை நாற்பது நாளும் அப்படித்தான் வேது தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள்.

நான் செய்யும் முறை இது. நொச்சி இலை இரண்டு கைப்பிடி, வேப்பிலை அரைக் கைப்பிடி, வெட்டிவேர் ஒரு சிறு கற்றை (சுமார் 10 கிராம்), உலர்ந்த ஆவாரம்பூ ஒரு கைப்பிடி. வெட்டிவேரை முதலில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அதிலுள்ள மண் அவ்வளவு எளிதில் போகாது. எல்லாவற்றையும் ஒரு லிட்டர் நீரில் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகும் மூடியைத் திறக்காமல் இன்னும் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். மூடாமல் கொதிக்கவைத்தால் நொச்சியின் மணம் அடுப்படிக்குப் போய்ச் சேரும், காலுக்கு வராது. வடிகட்டிய கஷாயத்தை டப்பில் உள்ள ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் வெதுவெதுப்பு கிடைக்கும்; குறைந்தால் கொஞ்சம் வெந்நீர் சேர்க்கலாம். முழங்கையை வைத்துப் பாருங்கள். உப்பிலும் கல்லிலும் மரத்துப்போன உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. கால் மணி நேரம் போதும். விரல் நுனி சுருங்கத் தொடங்கினால் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே நாளெல்லாம் நீரில் ஊறியவர்கள்.

ஊறுவதைவிட அடுத்து வரும் ஐந்து நிமிடத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். காலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, விரல் இடுக்குகளை நன்றாக உலரவிட்டு, குதிகாலிலும் கைக்கணுக்களிலும் ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் தடவி, பழைய காலுறை ஒன்றை மாட்டிவிட வேண்டும். எண்ணெய் தடவாமல் விட்டால், ஊறிய தோல் காய்ந்து முன்னிலும் மோசமாக வெடிக்கும்.

சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படலமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். மூலிகை நீர் எதைச் செய்தாலும் அந்தப் படலத்தின் மேல்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே சோப்பை நிறுத்திவிட்டு நலங்குமாவுக்கு வாருங்கள். பாசிப்பயறு அரைக் கிலோவுக்கு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு ஆகியவை ஒவ்வொன்றும் 50 கிராம் என்ற கணக்கில் உலர்த்தி அரைத்து இரண்டு முறை சலித்தால் போதும். பாசிப்பயற்றுக்கும் உங்கள் பாசிக்கும் பெயரில் மட்டுமே உறவு என்பதைச் சித்தியிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அந்தக் குழப்பம் நடந்தது.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே நீரில் எலுமிச்சைத் தோலையும் பிழிந்து போட்டு இரண்டு கைகளையும் ஊறவைத்துவிட்டு, உச்சி வெயிலில் மாடியில் கருவாடு காயப்போடப் போனேன். மறுநாள் புறங்கைகளில் கொப்புளம். அது ஆறிய இடத்தில் கருந்திட்டு மறைய மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படிச் சுடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நம் கரையோரத்து வெயிலுக்கு எலுமிச்சையும் நார்த்தையும் சேராது.

வாலிநோக்கத்தான்:

நான் உப்பளத்தில் கணக்குப் பார்ப்பவன். ஆகவே உப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இணையச் செய்முறைகளில் வரும் தொட்டி ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். அதில் இரண்டு கோப்பை எப்சம் உப்பு, அதாவது சுமார் அரைக் கிலோ போட்டால், லிட்டருக்கு மூன்று கிராம் அளவில் ஒரு கரைசல் கிடைக்கும். எங்கள் வீட்டுக் கிணற்று நீரை அளவுமானி வைத்துப் பார்த்தபோது, கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குச் சற்று மேலே காட்டியது. அதுவும் மூன்று கிராம்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. நல்ல தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் காசு கொடுத்துக் கரைக்கிற அளவு உப்பு, நமக்குக் குழாயைத் திறந்தாலே வந்துவிடுகிறது. உப்பின் வகை வேறு என்பது உண்மை. ஆனால் நாளெல்லாம் கடலில் நின்றவர்களுக்கு, லிட்டருக்கு 35 கிராம் உப்பில் ஊறியவர்களுக்கு, இன்னும் உப்பு எதற்கு?

எனவே என் யோசனை, உப்பு வாங்கும் காசை ஒரு குடம் நல்ல தண்ணீருக்குச் செலவிடுங்கள் என்பதே. லாத்தா சொன்ன ஆறு லிட்டரும் காவிரி நீராக இருக்கட்டும். முழுக் குளியலுக்கும் அது கட்டாது என்பது எனக்குத் தெரியும்; ஊறவைப்பதற்கும் கடைசிச் செம்புக்கும் மட்டும் ஒதுக்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஓட்டிலிருந்து விழும் மழைநீரை, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்தால், அதைவிடச் சிறந்தது கிடையாது.

உவர்நீரைக் கொதிக்கவைத்தால் நல்ல நீராகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது கடினத்தன்மையின் ஒரு பகுதி மட்டுமே. உப்பு அப்படியே இருக்கும். ஆவி போகப்போக இன்னும் கரிக்கும்.

தொண்டி வாசகர்:

பாசியைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கடற்பாசிக் குளியலுக்கென்றே நூறாண்டுக்கு மேலாக நிலையங்கள் உண்டு. அங்கே பயன்படுவது குளிர்கடலில் வளரும் வேறு பாசி. நம் மரிக்கொழுந்துப் பாசி அகர் எடுக்கவும் கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் எடுக்கவும் (இரண்டும் கெட்டிப்படுத்தப் பயன்படும் கூழ்ப்பொருட்கள்) விலைக்குப் போகிறது; அதை எடைபோட்டு விற்பதே லாபம். கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துவந்து போடலாமே என்று ஒருமுறை முயன்றேன். அதில் சொறிமீனின் (ஜெல்லிமீனின்) துணுக்குகள் சிக்கியிருந்ததால் இரவெல்லாம் கால் அரித்தது.

மருந்தாளுநர், இராமநாதபுரம்:

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கோ சித்திக்கோ சர்க்கரை நோய் உண்டா? நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். சூடு தெரியாமல் வெந்துபோவதும், ஊறி மென்மையான தோலில் சிறு புண் ஏற்பட்டு அது ஆறாமல் நாட்கணக்கில் நீள்வதும் நடக்கும். அவர்கள் காலை ஊறவைக்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, இடுக்குகளை உலர்த்தி, இடுக்குகளைத் தவிர்த்து மற்ற இடங்களில் களிம்பு தடவினால் போதும். குதிகால் வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கலந்த களிம்பு எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. இலைகளைவிட அது விரைவாக வேலை செய்யும் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பாறையோ மீன்முள்ளோ கிழித்த புதுக் காயம் இருந்தால், அது மூடும்வரை ஊறவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, கடல்நீர்க் காயத்தில் கிருமி வேகமாகப் பரவக்கூடும் என்பதால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருக்கை முள் குத்தியவர்களைப் பொறுக்கும் சூட்டு நீரில் வைப்பது வலியைத் தணிக்கும் முதலுதவி. அதை இந்தக் குளியலோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

எப்சம் உப்பு என்று இணையம் சொல்வது நம் கடைகளில் பேதியுப்பு என்று விற்கும் மக்னீசியம் சல்பேட்டுதான். தோல் வழியாக மக்னீசியம் உள்ளே சேர்ந்து அசதியைப் போக்குகிறது என்பதற்குத் திடமான சான்று கிடையாது. தசை தளர்வது பெரும்பாலும் வெந்நீரின் சூட்டால். உரக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பயிருக்குப் போடுவதை வாங்கிவிடாதீர்கள். சமையல் சோடாவும் வேண்டாம். அது தோலின் இயல்பான அமிலத்தன்மைக்கு எதிரானது, மேலும் வறட்டும். லாவெண்டர், யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்களை நேரே நீரில் விட்டால் கரையாமல் மிதந்து, படும் இடத்தில் எரியும். விரும்பினால் 30 மில்லி நல்லெண்ணெயில் ஐந்தாறு சொட்டு கலந்து, குளித்தபின் தடவலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கற்பூரமும் யூகலிப்டஸும் எந்த வடிவிலும் வேண்டாம்.

அரிப்புக்கு ஓட்ஸ் நல்லதே. மைபோல் அரைத்து, ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் நீரில் போட்டால் பால்போல் கலங்க வேண்டும்; அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அதை மல்துணியில் முடிந்து நீரில் பிழியலாம். எந்தப் புதிய இலையையும் பூவையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

பாம்பன்காரி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சித்திக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவருக்குக் கழுவித் துடைத்துக் களிம்பு மட்டும் என்று முடிவு செய்து, யூரியா களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன். தனக்கு மட்டும் டப் இல்லையா என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு மூன்று வாரமாக, பாசிக்குப் போய்வரும் நாட்களில் மட்டும், காவிரித் தண்ணீரில் லாத்தாவின் முறைப்படி செய்து வருகிறேன். குதிகால் எரிச்சல் குறைந்திருக்கிறது; விரல் கணுக்களில் இன்னும் பெரிய மாற்றம் தெரியவில்லை. எண்ணெய் தடவாமல் தூங்கிவிட்ட ஓர் இரவுக்குப் பிறகு வெடிப்பு மறுபடி திறந்துகொண்டது, ஆகவே அந்த ஐந்து நிமிடத்தின் அருமை புரிந்தது.

பொட்டலம் கட்டுவதில் முதல் முயற்சி வீணாயிற்று. நொச்சி இலையை நிழலில் மூன்று நாள் உலர்த்தி, தொட்டால் காய்ந்ததுபோல் இருந்ததால் பிளாஸ்டிக் பையில் அடைத்தேன். கடற்காற்றின் ஈரத்தில் பத்தாம் நாள் பூஞ்சை மணம் அடித்தது. இரண்டாம் முறை, நடு நரம்பை ஒடித்துப் பார்த்து அது சடக்கென்று முறியும்வரை காயவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டேன். இப்போது ஒரு தடவைக்கான அளவை மல்துணியில் முடிந்து, அம்மாவின் விரல்துணிகள் காயும் அதே கொடியின் ஓரத்தில், மறுநாளுக்கென்று ஒரு முடிச்சை மட்டும் வெளியே தொங்கவிடுகிறேன். நேற்று அதைச் சித்தி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதற்கு மருந்தாளுநர் தடை சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.