அட்டை கிழிந்த நாவல்: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். போன ஞாயிறு, பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு ஓர் ஆங்கில நாவல் வாங்கினேன். அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை.

கணவனை இழந்த நர்ஸ் ஒருத்தி நார்வேயின் டிரோம்சோ நகருக்கு வேலைக்குப் போகிறாள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அந்த இருட்டில் படகுக்காரன் ஒருவன் தினமும் அவள் வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டுப் பேசாமல் போகிறான். கைவிட்ட ஜெபம் அவளிடம் திரும்புவதும் காதல் வருவதும் ஒன்றாகவே நடக்கின்றன. பெரம்பூரில் மின்விசிறிக்கு அடியில் வியர்த்தபடி படித்த எனக்குக் கால் சில்லிட்டது! வெளிநாட்டை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிடும் கதைகள் எனக்கு ஆகாது. இதில் குளிரும் ஒரு பாத்திரம்.

"சூரியன் திரும்பும் நாளில் பதில் சொல்கிறேன்" என்கிறாள். அதோடு புத்தகம் கிழிந்திருக்கிறது. நூலகத்தில் கேட்டால், பெயரில்லாமல் எப்படித் தேடுவது என்று சிரிக்கிறார்கள். நியாயம்தான்.

யாராவது படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால், ஸ்காட்லாந்தோ நியூசிலாந்தோ, இதே சாயலில் ஏதேனும் வைத்திருப்பவர்கள் இரவல் தாருங்கள். பக்கத்தை மடிக்கும் பழக்கம் எனக்கில்லை.