மாதக் கூட்டத்துக்குப் பேச்சாளர்: நேரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மாட்டுங்காவாசி: எங்களுடையது ராஜாஜி வழி வலதுசாரி வட்டம். மாதம் ஒரு வெளிப் பேச்சாளர். பேச்சு இழுத்து, கேள்வி நேரமே மிஞ்சுவதில்லை. என்ன செய்யலாம்?

சயான்சாமி: ‘பொருளாதாரம்’ என்று மொட்டையாகத் தலைப்பு கொடுத்தால் இழுக்கத்தான் செய்வார். ‘1959இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி கூட்டுறவுப் பண்ணையை ஏன் எதிர்த்தது?’ என்று கேளுங்கள், தானே குறுகும். பேச்சு 30 நிமிடம், கேள்வி 30 என அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். 25ஆம் நிமிடம் முன்வரிசையிலிருந்து ஒருவர் அட்டை காட்டட்டும். கேள்விகள் துண்டுச்சீட்டில் வரட்டும். மைக்கைச் சபையில் விட்டால் இரண்டாவது சொற்பொழிவு ஆரம்பம்தான்!

செம்பூர்க்காரர்: வேட்பாளரை அழைத்தால் ஜாக்கிரதை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் கூட்டம் கூடாது.

மாட்டுங்காவாசி: சீட்டை யார் பிரிப்பது?

சயான்சாமி: செயலாளர் வேண்டாம், சங்கடமானதை ஒளித்துவிடுவார். உறுப்பினர் இருவர்.