பட்டாளத்துத் தாத்தா போனது பர்மாவுக்கா, இத்தாலிக்கா?

கேள்வி (குடியாத்தம் பக்கத்துக்காரர், இப்போது சென்னையில்)

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்தார் என்பதைத் தவிர, அவர் எந்தப் படைப்பிரிவில், எந்த நாட்டில், எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சென்றவர், 1946இல் ஊர் திரும்பி, 1971இல் காலமானார். "பர்மா சண்டைக்குப் போனவர்" என்றே ஊரில் அவரைச் சொல்வார்கள். மலையில் பாறையை உடைத்து ரோடு போட்டதாகவும், அங்கே கொட்டிய பனியில் கால் விரல்கள் மரத்துப்போனதாகவும் அவர் சொல்லக் கேட்டது என் தாயாருக்கு நினைவிருக்கிறது.

அவருடைய டிரங்குப் பெட்டியில் இப்போது எஞ்சியிருப்பவை மூன்று பதக்கங்களும் ஒரு புகைப்படமும் மட்டுமே. டிஸ்சார்ஜ் புத்தகம் செல்லரித்துப்போய் அட்டை மட்டும் கிடக்கிறது. பதக்கங்களில் இரண்டு ஆறு முனை கொண்ட நட்சத்திரங்கள், ஒன்று வட்டமானது. நட்சத்திரங்களில் ஒன்றின் நடுவளையத்தில் "இத்தாலி ஸ்டார்" என்ற ஆங்கில எழுத்துகள் தெரிவதுதான் என் குழப்பத்துக்குக் காரணம். புகைப்படத்தில் அவருடைய சட்டையின் மேற்கையில் இறக்கை விரித்த பறவை ஒன்றின் துணிச்சின்னம் தைக்கப்பட்டிருக்கிறது. பாட்டி அதைக் கருடன் என்று சொல்லி, படத்துக்குப் பொட்டு வைக்கும்போது அந்தப் பறவைக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

போன ஆண்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதில், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று இரண்டே வரியில் பதில் வந்தது. போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்திலும் தேடினேன், அவர் பெயர் இல்லை. இதற்கு மேல் வழி உண்டா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். தாத்தாவின் பெயரைப் பொதுவெளியில் குறிப்பிட என் தாயார் விரும்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1 (பதக்கங்கள் சேகரிப்பவர், கோயம்புத்தூர்)

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இருப்பவர்கள் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையினர் மட்டுமே. ஊர் திரும்பி வாழ்ந்து மறைந்தவரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். ஆகவே பெயர் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் பதக்கங்களுக்கு வருவோம். பர்மாவில் போரிட்டவருக்குப் பர்மா ஸ்டார் கிடைத்திருக்க வேண்டும். இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. அதன் நாடா சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று வரிசையாக இருக்கும். ஆனால் நாடாவை மட்டும் நம்பக்கூடாது. மக்கிப்போன நாடாவுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைக் கோத்துவைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் வளையத்து எழுத்தே தெரிவதால் அந்தச் சந்தேகம் இல்லை. மற்றொரு நட்சத்திரம் 1939-45 ஸ்டார் ஆகவும், வட்டமானது போர்ப் பதக்கமாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெட்டியில் இல்லாத ஒரு பதக்கமும் கவனிக்கத்தக்கது. வட ஆப்பிரிக்காவில் 1943 மே 12க்கு முன் பணியாற்றியவர்களுக்கு ஆப்பிரிக்கா ஸ்டார் உண்டு. அது அவரிடம் இல்லை என்றால், பாலைவனப் போர் முடிந்த பிறகு சேர்ந்த ஆளாக அவர் இருக்கலாம். ஆனால் பதக்கங்கள் அடகுக்கும் விளையாட்டுக்கும் போன வீடுகள் பல என்பதால் இதை ஓர் ஊகமாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்தப் போரின் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றிலோ படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. நட்சத்திரமென்றால் பின்பக்கத்தில், வட்டப் பதக்கமென்றால் விளிம்பில் பாருங்கள். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பதக்கத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்து, கோணத்தை மாற்றி மாற்றிப் பத்துப் படமாவது எடுங்கள். தேய்ந்த எழுத்து நிழலில்தான் வெளிப்படும். பிராஸோ, புளி, சாம்பல் எதையும் கொண்டு துலக்கிவிடாதீர்கள்.

பதில் 2 (படை ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார்)

அம்மா, உங்களுக்கு வந்த பதில் பொய்யல்ல, ஆனால் அது பாதிப் பதில். ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழிப்பது படையின் விதி. உங்கள் தாத்தா 1946இல் வீடு திரும்பியவர் என்பதால், அவருடைய ஷீட் ரோல் எனப்படும் பணிப்பதிவேடு எப்போதோ போயிருக்கும். ஆனால் லாங் ரோல் என்றொரு நெடும் பதிவேடு உண்டு. ஒவ்வொரு வீரரையும் பற்றிச் சில வரிகளே அதில் இருக்கும், என்றாலும் அதை அழிப்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது "ஆவணங்களின் நகல்" அல்ல, "லாங் ரோலில் உள்ள பதிவின் எடுகுறிப்பு". இந்த ஒரு சொல்லை மாற்றிக் கேட்டதால் பதில் கிடைத்தவர்களை நான் பணியில் இருந்தபோதே கண்டிருக்கிறேன்.

எந்த ஆவண அலுவலகம் என்பது அடுத்தது. பதக்கத்தில் "சாப்பர்" என்ற பதவி இருந்தால் அவர் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், அதிலும் வட ஆற்காட்டுத் தமிழர் என்றால் பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ். அந்தப் படைதான் இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதன் ஆவண அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. "சிப்பாய்" என்றிருந்தால் மதராஸ் ரெஜிமென்ட் முதலான வேறு பிரிவுகளைப் பார்க்க வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகம் இன்று நீலகிரி வெலிங்டனில் உள்ளது. தவறான அலுவலகத்துக்கு எழுதினாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்த இல்லைக்கும் உண்மையான இல்லைக்கும் காகிதத்தில் வேறுபாடு தெரியாது.

படை எண் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் எழுத்தரால் ஒன்றும் செய்ய இயலாது. முனிசாமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதை ஐந்தாறு விதமாக எழுதுவார்கள், ஆளெடுக்க வந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதே நிலைத்துவிடும். தந்தை பெயர் முதலெழுத்தாக முன்னால் வராது, தனிக் கட்டத்தில் இருக்கும். வயதைப் பொருட்படுத்தவே வேண்டாம், பதினாறு வயதுப் பையன்கள் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்த காலம் அது.

இன்னொரு கதவையும் தட்டிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் நிதியுதவி வழங்கிவந்தது. உங்கள் பாட்டி அதைப் பெற்றிருந்தால், விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் விவரங்களையும் கொடுத்திருப்பார். வேலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பற்றிக் கேளுங்கள்.

பதில் 3 (போர் வரலாற்று ஆய்வு மாணவர், மதுரை)

பாட்டி கருடன் என்று சொன்ன அந்தப் பறவையைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லையே என்று வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் இந்த இழையில் உள்ள சான்றுகளில் எனக்கு வலுவானதாகத் தோன்றுவது அதுதான். கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு என்பது 4ஆம் இந்திய டிவிஷனின் சின்னம். கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, ஆனால் இத்தாலியில் போரிட்ட இந்திய டிவிஷன்கள் 4, 8, 10 என்ற மூன்றில் விரிந்த இறக்கைக் கழுகை அணிந்தது 4ஆம் டிவிஷன் மட்டுமே. அந்த டிவிஷன் எரித்திரியா, எகிப்து, துனிசியா என்று போரிட்டு, 1943 இறுதியில் இத்தாலிக்கு வந்து, 1944 இறுதியில் கிரேக்கத்துக்குச் சென்றது. பர்மாவுக்கு அது போகவே இல்லை.

அதிலிருந்த மதராஸ் சாப்பர்ஸ் அணிகள் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியும். இந்த இரண்டாவது அணியைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மினியானோ அருகே கண்ணிவெடியின் மீது தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார், ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

உங்கள் தாத்தா சொன்ன மலை ரோட்டுக்கும் பொருத்தமான இடம் உண்டு. 1944 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இத்தாலியின் காசினோ மடாலயத்துக்குப் பின்புறமாக, கெயிரா என்ற ஊரிலிருந்து மலைமேல் சென்ற கோவேறு கழுதைத் தடத்தை 4ஆம் டிவிஷனின் சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் அகலப்படுத்தி, டாங்கிகள் ஏறக்கூடிய பாதையாக்கினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயரிடப்பட்ட அந்தப் பாதையில் மார்ச்சு 19 அன்று டாங்கிகள் ஏறின. அங்கே அவர் இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன்; சாப்பர்கள் பர்மாவிலும் மலைப்பாதைகள் அமைத்தார்கள், பாறையை உடைத்தது மட்டும் எதையும் நிறுவாது. கால் விரல் மரத்துப்போகும் பனி என்பதுதான் பர்மாக் காட்டைவிட இத்தாலிய மலைக்குப் பொருந்துகிறது.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அணிகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசை மத்தியக் கிழக்குக்கும், 170 இத்தாலி முனைக்கும், 172 பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்கும் உரியவை. சாதாரணச் சாப்பரின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும், ஆனால் எந்த நாளில் எந்த மலையில் எந்த வேலை நடந்தது என்பது இருக்கும். அணி எது என்று உறுதியான பிறகு அதைத் தேடுங்கள், அதற்கு முன்பு பணம் கட்டி நகல் வாங்க வேண்டாம்.

பர்மா என்ற பேச்சு எப்படி வந்திருக்கும் என்பதற்கு என் ஊகம் இது. 1942இல் ரங்கூனிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நடந்தே வந்தார்கள், அந்தப் போருக்கு நம் ஊர்களில் பர்மா சண்டை என்பதே பெயராகிவிட்டது.

கேள்வி கேட்டவர் (பத்து நாள்களுக்குப் பின்)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வட்டப் பதக்கத்தின் விளிம்பு நன்றாகவே தேய்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையோடு பதக்கங்களையும் பாட்டி புளி போட்டுத் துலக்கியதை என் தாயார் இப்போதுதான் சொல்கிறார். ஆனால் இத்தாலி ஸ்டாரின் பின்பக்கம் தப்பியிருக்கிறது. அதைத் தட்டில் முகம் மேலே தெரியும்படி வைத்துத் துலக்கியிருப்பார் போலும். இரவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஓர் எண்ணும், சாப்பர் என்பதன் சுருக்கமான "எஸ்.பி.ஆர்." என்ற மூன்று எழுத்துகளும், தாத்தாவின் பெயரும் தெரிந்தன. பெயரின் நடுவே ஓர் எழுத்து நாங்கள் எழுதுவதிலிருந்து மாறியிருக்கிறது. எண்ணின் கடைசி இலக்கம் 3 அல்லது 8.

பாட்டி தொண்ணூறுகளில் மாதந்தோறும் "பட்டாளத்துப் பணம்" வாங்கியது என் தாயாருக்கு நினைவிருக்கிறது, ஆகவே வேலூருக்கும் போகப்போகிறோம். பர்மாவைப் பற்றிக் கேட்டபோது, ரங்கூனிலிருந்து நடந்துவந்தவர் தாத்தா அல்ல, பாட்டியின் தம்பி என்று என் பெரியம்மா சொன்னார். இரண்டு பேருடைய கதையும் எங்கள் வீட்டில் ஒருவர் மேல் ஏறிவிட்டது.

பெங்களூருக்கு எழுதும்போது அந்த இலக்கத்தை 3 என்று எழுதுவதா, 8 என்று எழுதுவதா?

பதில் 2 தந்தவர்

இரண்டு எண்களையும் எழுதுங்கள் அம்மா, ஐயம் இருப்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். பெயரைப் பதக்கத்தில் உள்ளபடி முதலிலும், நீங்கள் எழுதும் முறையை அடுத்தும் கொடுங்கள். தந்தை பெயர், ஊர், அஞ்சல், காவல் நிலையம், தாலுகா எல்லாம் வேண்டும். மாவட்டத்தை வேலூர் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டில் உங்கள் ஊர் வட ஆற்காட்டில்தான் இருக்கும்.